மாதிரிக்கு முன்னும் முடிவுக்குப் பின்னும்: ஓர் அரசு கால்நடை ஆய்வகம் நடக்கும் விதம்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் கோமாரி நோய்ச் செய்தி வரும்போதெல்லாம் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரே கேள்விதான் சுற்றி வரும்: "மாட்டோட ரத்தத்தை எடுத்துட்டுப் போய் எத்தனை நாளாச்சு, இன்னும் ரிசல்ட் சொல்ல மாட்டேங்கிறாங்களே?" நம்மவர்களில் மாடு வளர்ப்பவர்கள் இப்போது குறைவு. ஆனால் கசாப்புக் கடைக்காரர், தீவனக் கடைக்காரர், ஆடி மாதத்துக்கு ஆடு தேடுபவர் என்று ஏதோ ஒரு வழியில் எல்லோருக்கும் அதில் சம்பந்தம் இருக்கிறது. கேள்வியும் நியாயமானதுதான். பி.சி.ஆர். இயந்திரம் ஒரு சுற்று ஓடி முடிக்கச் சில மணி நேரம் போதும். மீதி நாட்கள் எங்கே போகின்றன?

அந்த மீதி நாட்களைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். அரசு கால்நடை நோயறி ஆய்வகத்தின் தலைவர் என்றால் நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண் வைத்து உட்கார்ந்திருப்பார் என்று நினைப்போம். அவருடைய வேலையில் பாதி, மாதிரி வாசலுக்கு வந்து சேரும் முன்பே நடக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி, முடிவு வெளியே போன பிறகு நடக்கிறது. நடுவில் இருக்கும் சோதனையை நல்ல தொழில்நுட்பர்கள் அமைந்துவிட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வெக்கை நோயால் பிறந்த ஆய்வகம்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் அலர்ட்டன் மாகாணக் கால்நடை ஆய்வகம் 1897-ல் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய கால்நடை ஆய்வகங்களில் அது ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டுதான் ரிண்டர்பெஸ்ட் என்னும் வெக்கை நோய் ஜாம்பெசி ஆற்றைத் தாண்டித் தெற்கே இறங்கியிருந்தது. வந்த வேகத்தில் பட்டி பட்டியாக மாடுகளைச் சாய்த்தது. எருது வண்டியில் சரக்கு போன காலம் அது. 1860-ல் 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் நட்டால் கரும்புக் காடுகளில் உழைத்துக்கொண்டிருந்த காலமும் அதுதான். எருது செத்தால் உழவும் நின்றது, வண்டியும் நின்றது.

1896 டிசம்பரில் ஜெர்மனியின் நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கோக் கிம்பர்லிக்கு வரவழைக்கப்பட்டார். நோயில் செத்த மாட்டின் பித்தநீரை நல்ல மாட்டுக்கு ஊசி போடும் முறையை அவர் முன்வைத்தார். நட்டால் அரசின் தலைமைக் கால்நடை மருத்துவர் ஹெர்பர்ட் வாட்கின்ஸ்-பிட்ச்ஃபோர்டும், டிரான்ஸ்வால் அரசிடம் வேலை பார்த்த சுவிஸ்காரர் ஆர்னல்ட் தெய்லரும் வேறு வழியில் போனார்கள். நோயிலிருந்து மீண்ட மாட்டின் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீரைக் கொண்டு மற்ற மாடுகளைக் காப்பாற்ற முடியுமா என்று இருவரும் சேர்ந்தே ஆராய்ந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுக்கும் இடையே போயர் போர் வந்தது. லேடிஸ்மித் முற்றுகையில் வாட்கின்ஸ்-பிட்ச்ஃபோர்டு ஊருக்குள் சிக்கியிருந்தார்; தெய்லர் வெளியே முற்றுகையிட்ட போயர் படையோடு இருந்தார். போர் முடிந்ததும் இருவரும் மறுபடி மாட்டு நோய்களுக்கே திரும்பினார்கள். 1908-ல் பிரிட்டோரியாவுக்கு வடக்கே தெய்லர் நிறுவியதுதான் இன்று உலகம் அறிந்த ஒண்டர்ஸ்டெபோர்ட் ஆய்வு நிலையம். அவருடைய மகன் மாக்ஸ் தெய்லர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக 1951-ல் நோபல் பரிசு பெற்றது தனிக் கதை.

போருக்குப் பிறகு கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மாடுகளோடு 'கிழக்குக் கரைக் காய்ச்சல்' வந்து சேர்ந்தது. உண்ணி பரப்பும் நோய். இதற்கு ஆய்வகத்திலிருந்து வந்த பதில் மருந்து புட்டியில் வரவில்லை. தொட்டி வடிவில் வந்தது. ஆர்செனிக் கலந்த தண்ணீர்த் தொட்டிக்குள் மாடுகளைக் குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்ப இறக்கினால் உண்ணியின் வாழ்க்கைச் சுற்றே அறுந்துவிடும் என்று வாட்கின்ஸ்-பிட்ச்ஃபோர்டு காட்டினார். கூடவே வேலி, மாடு நகரத் தடை, செத்த மாட்டின் உறுப்பைக் கண்ணாடியில் தேய்த்து ஆய்வகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு எல்லாம் வந்தன. நோயை ஒழிக்க 1950கள் வரை ஆனது.

அந்தத் தொட்டிகள் இன்றும் பயன்படுகின்றன. சூலு கிராமங்களில் மாடுகளை முக்க ஓட்டிவரும் நாளில்தான் அரசின் கால்நடை நலப் பணியாளர் ஒரு பகுதியின் மாடுகளை ஒரே இடத்தில் பார்க்கிறார். வாயில் புண் உள்ளதா, கால் நொண்டுகிறதா என்று கவனிக்கிறார், ரத்தம் எடுக்கிறார். தொட்டியில் மருந்து இல்லை என்று மக்கள் வராமல் போனால் ஆய்வகத்துக்கு வரும் மாதிரியும் குறைந்துவிடும். ஆய்வகத் தலைவரின் ஆளுகையில் இல்லாத ஒரு பொருள், ஆனால் அவருடைய மாத அறிக்கை அதை நம்பித்தான் இருக்கிறது.

யார் சொல்லலாம், யாரிடம் சொல்லலாம்

1996 அரசியல் சட்டத்தின் நான்காம் அட்டவணை, விலங்குக் கட்டுப்பாடும் விலங்கு நோய்களும் மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் பொதுவான அதிகாரம் என்கிறது. தாளில் இது ஒரு வரிதான். நடைமுறையில், நோய்க்கொள்கையும் வெளிநாட்டுத் தொடர்பும் பிரிட்டோரியாவில் இருக்கும் மத்திய அரசின் கையில் இருக்க, களத்தில் இறங்கும் அரசுக் கால்நடை மருத்துவர்களும் அலர்ட்டன் போன்ற ஆய்வகங்களும் மாகாணத்தின் சம்பளத்தில் இருக்கிறார்கள். ஒண்டர்ஸ்டெபோர்ட் ஆய்வு நிலையமோ வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வருகிறது. மூன்று முதலாளிகள், ஒரே மாடு.

கோமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வைரஸை எந்த ஆய்வகமும் இஷ்டத்துக்குக் கையாள முடியாது. கதவைத் திறந்தால் காற்று வெளியே போகாமல் உள்ளே மட்டும் வரும்படி கட்டிய, கழிவுநீரைக்கூடக் கிருமியைக் கொன்ற பிறகே வெளியேற்றும் கட்டடம் வேண்டும். அது ஒண்டர்ஸ்டெபோர்ட்டில் இருக்கிறது. ஆகவே குவாசுலு-நட்டால் மாட்டின் மாதிரி சில நூறு கிலோமீட்டர் பயணம் செய்துதான் அங்கே போக வேண்டும். அங்கே வைரஸ் உள்ளதா என்று பார்த்தால் மட்டும் போதாது. தெற்கு ஆப்பிரிக்கப் பகுதிக்கே உரிய மூன்று 'சாட்' வகைகளில் எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு வகைக்கான தடுப்பூசி இன்னொரு வகையை நம்பகமாகத் தடுக்காது. தடுப்பூசி போட்ட மாட்டிலும் எதிர்ப்புப் பொருள் இருக்கும், நோய் வந்த மாட்டிலும் இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டத் தனிச் சோதனை உண்டு. முதல் முடிவு தெளிவாக இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து அதே மாட்டிடம் மறுபடி ரத்தம் எடுத்து அளவு ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டியும் வரலாம். நாட்கள் போவது இப்படித்தான்.

முடிவு வந்ததும் அது பத்திரிகைக்குப் போகாது, மாட்டுக்காரரின் பக்கத்து வீட்டுக்காரருக்கும் போகாது. மாதிரியை அனுப்பிய அரசுக் கால்நடை மருத்துவருக்கும் அவருடைய மேலிடத்துக்கும்தான் போகும். 1984-ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டத்தின்படி பண்ணைக்குப் பூட்டுப் போடும் உத்தரவு அந்தத் தரப்பிலிருந்தே வர வேண்டும். அதற்குப் பிறகு உலக விலங்கு சுகாதார அமைப்புக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். அதை அனுப்ப நாட்டுக்கு ஒரே ஓர் அதிகாரிக்குத்தான் உரிமை. ஆய்வகத் தலைவர் வாய் தவறி ஒரு வானொலிப் பேட்டியில் "ஆமாம், பாசிட்டிவ்" என்று சொல்லிவிட்டால் மாட்டிறைச்சி ஏற்றுமதி அன்று மாலையே ஆட்டம் காணும். 2019 ஜனவரியில் தென்னாப்பிரிக்கா கோமாரி இல்லாத மண்டலம் என்ற தகுதியை இழந்தது. 2021 மே மாதம் குவாசுலு-நட்டாலில் நோய் வெளிப்பட்டது. 2025-ல் கௌடெங் மாகாணத்தில் பெரிய மாட்டுக் கொழுக்கவைப்புப் பட்டிக்குள்ளேயே புகுந்தது. ஒவ்வொரு முறையும் மக்கள் ஆய்வகத்தைத் திட்டினார்கள். ஆய்வகத்துக்குப் பதில் சொல்ல வாய் இல்லை, சட்டம் அப்படி.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. முடிவைச் சொல்லத் தடை இருப்பது சரி. ஆனால் "உங்கள் மாதிரி வந்து சேர்ந்தது, இந்தச் சோதனைக்குப் போயிருக்கிறது, இத்தனை நாள் ஆகும்" என்று மாட்டுக்காரரிடம் சொல்ல எந்தச் சட்டமும் தடையில்லை. அந்த ஒரு குறுஞ்செய்தி போகாத இடத்தில்தான் வாட்ஸாப் வதந்தி முளைக்கிறது.

ஒரு நாயின் தலை

ஆய்வகத் தலைவரின் பொறுப்பு எவ்வளவு கனமானது என்று காட்ட ரேபிஸ் என்னும் வெறிநோயைவிட நல்ல உதாரணம் இல்லை. குவாசுலு-நட்டாலில் நாய் வழி ரேபிஸ் நெடுங்காலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாடு முழுவதற்கும் இந்தச் சோதனைக்கு நம்பியிருக்கும் இடங்கள் முக்கியமாக ஒண்டர்ஸ்டெபோர்ட்டும் அலர்ட்டனும்தான். 2024-ல் மேற்குக் கேப் கடற்கரையில் கடல்நாய்களுக்கும் (சீல்) ரேபிஸ் என்று தெரிந்தபோது கடலில் நீந்துபவர்களும் அலைச்சறுக்குக்காரர்களும் பயந்துபோனார்கள்.

ஒரு குழந்தையைக் கடித்த நாய் செத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உயிரோடு இருக்கும் விலங்கில் உறுதியாகச் சொல்ல முடியாது. மூளையைப் பார்த்தால்தான் உண்டு. ஆகவே தலை வர வேண்டும். தடுப்பூசி போட்டுக்கொண்ட ஒருவர் கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு தலையைத் துண்டித்து, ஒன்றுக்கு இரண்டாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி, கசியாத டப்பாவில் பனிக்கட்டிப் பொதிகளோடு வைத்து அனுப்புவது முறை. குளிர்ந்திருக்க வேண்டும், உறைந்துவிடக் கூடாது. தூரம் அதிகம் என்றால் மூளைத் துண்டைக் கிளிசரின் கலந்த உப்புக் கரைசலில் போட்டும் அனுப்பலாம்.

முறை இது. வருவது வேறு மாதிரி இருக்கலாம். தலையில் சுட்டுக் கொன்ற நாய் வரும். மூளை சிதறிக் கிடக்கும். வெள்ளிக்கிழமை மாலை யாரோ காவல் நிலைய மூலையில் வைத்துவிட்டுப் போன பெட்டி திங்கள்கிழமை வரும். டிசம்பர் மாத டர்பன் வெயிலில் அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. படிவத்தில் "நாய், கடித்தது" என்பதோடு நின்றிருக்கும். யாரைக் கடித்தது, எப்போது, எந்தத் தொலைபேசி எண்ணில் மருத்துவரைப் பிடிப்பது, எதுவும் இருக்காது.

உள்ளே மண்டையோட்டைத் திறந்து மூளைத் தண்டிலிருந்தும் சிறுமூளையிலிருந்தும் துணுக்கு எடுக்கிறார்கள். கண்ணாடியில் ஒற்றி, குளிர்ந்த அசிட்டோனில் நிலைநிறுத்தி, ஒளிரும் எதிர்ப்பொருள் சேர்த்து, இருட்டறையில் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். வைரஸ் இருந்தால் கறுப்புப் பின்னணியில் பச்சை ஆப்பிள் நிறத்தில் புள்ளிகள் மின்னும். இல்லையென்றால் ஒன்றும் மின்னாது. பழகிய கண்ணுக்கு இது பெரிய வித்தை இல்லை.

சிக்கல் அழுகிய மூளையில்தான். அதிலும் ஒன்றும் மின்னாமல் போகலாம். வைரஸ் இல்லாததாலா, இருந்து சிதைந்துபோனதாலா? "நெகட்டிவ்" என்று எழுதினால் தாள் அழகாக இருக்கும், கணக்கும் முடியும். ஆனால் அந்தத் தாளை நம்பி மருத்துவமனையில் ஊசியை நிறுத்திவிட்டால் ஓர் உயிர் போகும். ரேபிஸ் அறிகுறி தொடங்கிய பின் மீட்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆகவே "சோதனைக்குத் தகுதியற்ற மாதிரி" என்றுதான் எழுத வேண்டும். எழுதிவிட்டு, கடிபட்டவருக்கு ஊசி முழுவதும் போய்ச் சேருகிறதா என்று மாவட்ட மருத்துவரைத் தொலைபேசியில் துரத்த வேண்டும். இந்தத் துரத்தலை எந்தப் பணி விவரக் குறிப்பிலும் பார்க்க முடியாது. நல்ல தலைவரையும் சுமாரான தலைவரையும் பிரித்துக் காட்டுவது இதுதான் என்பது என் எண்ணம்.

இங்கே படிப்பவர்களுக்கு ஒன்று: நாய் கடித்தால் ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரில் புண்ணைப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முடிவு வரும்போது வரட்டும்.

பாசிட்டிவ் என்றால் பாசிட்டிவ்தானா?

கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் கொஞ்சம் கற்றுக்கொண்ட பாடம் கால்நடை ஆய்வகத்தில் அன்றாடக் கணக்கு. புருசெல்லா நோயைப் பாருங்கள். சினை மாடு கன்றை வீசிவிடும், காய்ச்சாத பாலின் வழியே மனிதனுக்கும் வரும். முதலில் 'ரோஸ் பெங்கால்' என்ற இளஞ்சிவப்புச் சாயச் சோதனை செய்வார்கள். ஒரு சொட்டுச் சீரம், ஒரு சொட்டுச் சாயக் கரைசல், நாலு நிமிடம் ஆட்டினால் திரிதிரியாகச் சேருகிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். மலிவு, வேகம். ஆனால் இது வடிகட்டும் சோதனை மட்டுமே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் மாடுகளில் பத்து மாட்டுக்கு உண்மையில் நோய் இருக்கிறது. சோதனை நூற்றுக்கு 98 முறை சரியாகச் சொல்லும் என்று கொள்வோம். நோயுள்ள பத்தும் ஏறக்குறைய பிடிபடும். நோயில்லாத 990-இல் நூற்றுக்கு இரண்டு வீதம் இருபது மாடுகளும் தவறாகப் பிடிபடும். கையில் முப்பது பாசிட்டிவ். அதில் உண்மை பத்து. சோதனை மோசமானது என்று அர்த்தமில்லை. நோய் அரிதாக இருக்கும் இடத்தில் எந்த நல்ல சோதனையும் இப்படித்தான் பேசும். அதனால்தான் பிடிபட்டவற்றை இன்னும் கறாரான இரண்டாம் சோதனைக்கு அனுப்புகிறார்கள். அதிலும் தேறாத மாட்டின் கழுத்தில் 'சி' என்று சூடு போட்டு வெட்டுக்கு அனுப்புவது இங்கே வழக்கம். சூடு போட்ட பிறகு "மன்னிக்கவும், தவறு" என்று சொல்ல முடியாது.

இதில் இன்னொரு முடிச்சு. 'எஸ்19' தடுப்பூசியைக் கிடேரிக் கன்றுக்கு நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் போட வேண்டும். வயது தள்ளிப் போட்டால் அந்த எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் நெடுநாள் தங்கி, நோய் வந்த மாடு போலவே காட்டும். எந்த வயதில் எந்த ஊசி என்ற கட்டத்தைப் படிவத்தில் நிரப்பாமல் அனுப்பினால், ஆய்வகம் எவ்வளவு துல்லியமாக வேலை செய்தாலும் முடிவு மாட்டுக்காரருக்கு அநியாயமாக முடியலாம்.

இதே கணக்கின் மறுபக்கம், எத்தனை மாட்டிடம் ரத்தம் எடுப்பது என்பது. பெரிய மந்தையில் நூற்றுக்கு ஐந்து மாட்டுக்காவது நோய் இருந்தால் அதில் ஒன்றையாவது பிடித்துவிட வேண்டும், 95 விழுக்காடு உறுதி வேண்டும் என்றால் சுமார் 59 மாடுகள் போதும். நூற்றுக்கு ஒன்றுதான் இருக்கலாம் என்றால் கிட்டத்தட்ட 300 வேண்டும். "பத்து மாட்டுல எடுத்தாச்சு, எல்லாம் நெகட்டிவ், மாட்டை விக்கலாமா சார்?" என்று கேட்பவரிடம் இதை விளக்குவது எளிதல்ல. அவருக்கு மறுநாள் சந்தை.

பணம், மின்சாரம், ஆள்

தென்னாப்பிரிக்க அரசின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. நோய்க்கு அந்த நாட்காட்டி தெரியாது. பிப்ரவரியில் பறவைக் காய்ச்சல் வந்தால் சோதனைப் பொருள் வாங்கப் பணம் தீர்ந்திருக்கும். இருந்தாலும் பொது நிதி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் விலைப்புள்ளி வாங்கி, ஒப்புதல் வாங்கி, ஆணை போட வேண்டும். பொருள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. நம் நாணயமான ராண்டு சரிந்தால் அதே பணத்துக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். வந்த பொருளுக்கும் காலாவதித் தேதி உண்டு. அதிகம் வாங்கி வைத்தால் தணிக்கைக்காரர் வீணடித்தாய் என்பார், குறைவாக வாங்கினால் நோய் வந்த அன்று கை வெறுமை. இதற்கு ஒரு சரியான விடை இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம்.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2022, 2023-இல் எல்லா ஆய்வகங்களும் ஒரே கவலையில்தான் இருந்தன: மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி. அதற்குள் பல ஆண்டு மாதிரிகள் இருக்கும். ஒருமுறை உருகிவிட்டால் அவை வெறும் சிவப்புத் தண்ணீர். ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் போதாது. டீசல் இருக்க வேண்டும், அது தானாக ஓடத் தொடங்குகிறதா என்று நள்ளிரவில் பார்க்க ஆள் இருக்க வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் சுற்றுவட்டாரச் சாலைகள் அடித்துக்கொண்டு போனபோது மாதிரி வண்டி வரும் பாதையே பல இடங்களில் இல்லாமல் போனது.

ஆள் விஷயம் இன்னும் ஆழமானது. நாட்டில் கால்நடை மருத்துவம் படிக்க ஒரே ஒரு பீடம், பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஒண்டர்ஸ்டெபோர்ட் வளாகத்தில். நிறவெறி ஆட்சியில் வெள்ளையர் அல்லாதவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. 1980களில் கறுப்பின மாணவர்களுக்கான மெடுன்சா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தனிப் பீடம் வந்தது. 1999-இல் இரண்டும் ஒன்றாயின. ஆகவே நம் பிள்ளைகள் மருத்துவர், கணக்காளர், வழக்கறிஞர் என்று போன தலைமுறையில் கால்நடை மருத்துவர் அபூர்வம். 2016 முதல் படித்து முடித்தவர்கள் ஓராண்டு கட்டாய சமூகப் பணி செய்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆய்வகத்துக்கு வேண்டிய நோய்க்கூறியல் நிபுணர் ஓராண்டில் உருவாக மாட்டார். திசுவைப் பார்த்ததும் "இது புதுசு, வழக்கமானது இல்லை" என்று சொல்லும் கண்ணுக்குப் பத்து ஆண்டாவது வேண்டும். அப்படி உருவானவரை வெளிநாடு அழைத்துக்கொள்கிறது.

இருப்பவர்களைக் காப்பதும் தலைவரின் பொறுப்புதான். 1951-ல் ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஒரு காளையைப் பிரேதப் பரிசோதனை செய்தவர்கள் காய்ச்சலில் விழுந்த பிறகே கால்நடையிலிருந்து மனிதனுக்கும் தொற்றும் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் இந்த நாட்டில் இருப்பது தெரியவந்தது. 2010, 2011-இல் அது பெரிதாக வந்தபோது மனித உயிர்களும் போயின. மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வடிந்தால் கத்தியை எடுக்கக் கூடாது. அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். திறந்துவிட்டால் அந்தக் கிருமி மண்ணில் பல பத்தாண்டுகள் காத்திருக்கும். காதிலிருந்து ஒரு துளி ரத்தம், கண்ணாடியில் மெல்லிய தேய்ப்பு, அது போதும். உலகம் முழுக்க இன்றும் மாடுகளுக்குப் போடும் அடைப்பான் தடுப்பூசியை 1930களில் ஒண்டர்ஸ்டெபோர்ட்டில்தான் மாக்ஸ் ஸ்டெர்ன் உருவாக்கினார்.

கொல்லைக் கோழியும் பயமும்

நம்மவர்களுக்கும் ஆய்வகத்துக்கும் நேரடி உறவு என்றால் அது கோழிதான். டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் கொல்லையில் பத்து, இருபது கோழி வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. ஆடியில் மாரியம்மன் கூழ் பிரார்த்தனை நெருங்கினால் 'ரன்னிங் ஃபவுல்' என்று இங்கே சொல்லப்படும் நாட்டுக்கோழிக்குக் கிராக்கி ஏறிவிடும். சாலையோரக் கூண்டுகளில் முட்டைப் பண்ணைகள் கழித்த கோழிகளை உயிரோடு விற்பார்கள்.

2017 ஜூனில் எச்5என்8 பறவைக் காய்ச்சல் ம்புமலாங்கா மாகாணத்தில் வெளிப்பட்டபோது உயிர்க்கோழி விற்பனைக்கே தடை போட்டார்கள்; பின்னர் பதிவு, நிபந்தனை என்று தளர்த்தினார்கள். 2023-இல் எச்7என்6 வந்து கௌடெங், ம்புமலாங்கா முட்டைப் பண்ணைகளைக் காலி செய்தது. செப்டம்பர், அக்டோபரில் கடைகளில் ஒரு வாடிக்கையாளருக்கு இத்தனை முட்டைதான் என்று அளந்து விற்றது நினைவிருக்கும். கழித்த கோழி ஒரு பண்ணையிலிருந்து கிளம்பிப் பல கூண்டு மாறிப் பல ஊர் போகிறது. அதன் பாதையைக் கண்டுபிடிக்க ஆய்வகத்துக்கு இருக்கும் ஒரே வழி, செத்த கோழி வந்து சேர்வது.

அது வருவதில்லை. ஏன் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. "ஆபீஸ்காரங்களைக் கூப்பிட்டா இருக்கற கோழியையும் அள்ளிட்டுப் போயிடுவாங்க, அக்கா" என்ற பேச்சு எல்லாத் தெருவிலும் உண்டு. அதனால் செத்தது குப்பைப் பைக்குள் போகிறது, அல்லது சாகப்போவது குழம்புக்குள் போகிறது. வெள்ளைக்கழிச்சலாகவும் இருக்கலாம், அதற்கு மலிவான தடுப்பூசி இருக்கிறது, கொல்லைக்காரரும் போடலாம். பறவைக் காய்ச்சலா வெள்ளைக்கழிச்சலா என்று வெளிப்பார்வைக்குப் பிரிக்கவே முடியாது. கழுத்து முறுக்கல், மூச்சு இழுப்பு, பச்சைக் கழிச்சல் இரண்டிலும் வரும். தொண்டையிலும் பின்புறத்திலும் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்த மாதிரிதான் சொல்லும்.

நாலைந்து கோழி அடுத்தடுத்துச் செத்தால் செய்ய வேண்டியது எளிது: வெறும் கையால் தொடாமல் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, ஃபிரிட்ஜில் உணவு இல்லாத தட்டில் குளிர வைத்து, ஃபிரீசரில் போடாமல், அரசுக் கால்நடை மருத்துவர் அலுவலகத்துக்கு அன்றே சொல்வது. உடனே சொல்பவருக்கு இழப்பீடு விரைவாகவும் நியாயமாகவும் கிடைத்தால் பயம் தானே குறையும். ஆனால் இழப்பீடு ஆய்வகத்தின் கையில் இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அதை எழுப்பிக்கொண்டே இருப்பதைத் தவிர ஆய்வகத் தலைவரால் செய்யக்கூடியது அதிகமில்லை. அந்தக் கூட்டங்களுக்குப் போவதை நேர விரயம் என்று நினைக்கும் தலைவர்கள்தான், மாதிரி ஏன் குறைகிறது என்று கடைசியில் வியப்பார்கள்.

ஆய்வகத்துக்கே தேர்வு

ஆய்வகத்தின் தரத்தை வெளியார் எப்படி அளப்பது? "எத்தனை நாளில் முடிவு" என்ற எண்ணைத்தான் அரசியல்வாதிகள் கேட்பார்கள், அதைக் குறைப்பதும் கடினமல்ல: சந்தேகமானதை மறுபடி செய்யாமல் அனுப்பிவிட்டால் போதும். நான் கேட்பது வேறு எண்: வந்த மாதிரிகளில் சோதனைக்குத் தகுதியற்றவை எத்தனை, எந்த மாவட்டத்திலிருந்து, போன ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா. அது ஆய்வகத்துக்கும் களத்துக்கும் உள்ள உறவை அப்படியே காட்டிவிடும்.

உள்ளே ஒரு தேர்வும் நடக்கிறது. ஐ.எஸ்.ஓ. 17025 என்ற தரத்தின்படி தேசிய அங்கீகார அமைப்பு ஆய்வகத்தைச் சோதனை சோதனையாக எடைபோடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்கும் வினாத்தாள் கொடுப்பது போல, வேறோர் ஆய்வகம் விடை தெரிந்த மாதிரிகளை எண் மட்டும் ஒட்டி அனுப்பும். அதில் எது நோயுள்ளது, எது இல்லாதது என்று இவர்கள் கண்டுபிடித்து எழுத வேண்டும். ஒன்று தவறினாலும் எங்கே தவறியது என்று தேட வேண்டும்: கலவை பழசா, வெப்பமானி பிசகியதா, குழாயை மாற்றி வைத்தார்களா, புதிதாகச் சேர்ந்தவருக்குப் பயிற்சி போதவில்லையா. காரணம் தெரியும்வரை அந்தச் சோதனையின் முடிவுகளில் கையெழுத்துப் போடக் கூடாது என்று தலைவர் தீர்மானிக்கலாம். அப்படித் தீர்மானித்த வாரங்களில் மாவட்ட மருத்துவர்கள் தொலைபேசியில் கத்துவார்கள், மாட்டுக்காரர்கள் மேலிடத்துக்கு எழுதுவார்கள், மாதிரிகள் பனிக்கட்டிப் பெட்டியில் ஒண்டர்ஸ்டெபோர்ட்டுக்கு வண்டி ஏறும்.